மைனஸ் பத்தில் ஒரு ஹெல்மெட்

முதல் சோதனையில் தாடைப்பட்டி பிய்ந்துபோய், விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்த கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த ஹெல்மெட் பட்டறையில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பட்டி மாறியது. பட்டியைப் பிடிக்கும் கொக்கி மாறியது. மாடியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை, சோதனை அறையாக மாறியது. மாறாமல் நின்றது கடைசித் தேதி மட்டும்தான். இன்னும் எட்டு நாள். அதன் பிறகு, தர முத்திரை இல்லாத ஹெல்மெட்டை நாட்டில் எந்தக் கடையும் விற்க முடியாது.

பட்டறையைத் தூக்கி நிறுத்தியவர்கள் மூன்று பேர். ஊர் ஊராகப் போய்க் கடைகளைப் பிடிப்பது அண்ணன். உற்பத்தி முழுவதும் அவன் மனைவி கையில். அங்கே வேலை செய்யும் நாற்பது பேருக்கும், தன்னைவிடப் பத்து வயது மூத்த பெயின்டருக்கும்கூட, அவள் அண்ணிதான். மூன்றாவது ஆள் அண்ணனின் தங்கை. எதைக் காட்டினாலும் ஒரு குறை கண்டுபிடிக்கிறாள் என்று பள்ளிக்கூட நாளிலேயே அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் நொட்டை. இப்போது அதுவே அவளுடைய உத்தியோகம். தரம் பார்ப்பது.

முந்தின நாள் முத்திரை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி, அடுக்கி வைத்திருந்த இருநூறு ஹெல்மெட்டில் தானே கை விட்டு மூன்றை உருவினார். ஒன்று கேஸில் எரியும் சூட்டு அடுப்புக்குள் போனது. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள். மூன்றாவது மைனஸ் பத்து டிகிரி ஃப்ரீசருக்குள். மூன்றுக்கும் அரக்கு சீல் வைத்துவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டரை மணி. சோதனை அறைக் கதவைத் திறந்த நொட்டை நேராக ஃப்ரீசரிடம் போனாள். சீல் அப்படியே இருந்தது. முள் மைனஸ் பத்தில் நின்றது. பக்கத்தில், குளிரைப் பதிவு செய்யும் வட்டத் தாளைப் பார்த்தாள்.

இரவு முழுக்க மட்டமாக ஓடியிருந்த மைக்கோடு, விடியற்காலை நாலு மணிக்கு மேலே ஏறி, ஒரு கூன் போட்டு, எட்டு மணிக்குத்தான் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"அண்ணி" என்று கூப்பிட்டாள். குரல் மாடிப்படியைத் தாண்டவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டதில் அண்ணி மட்டுமல்ல, அண்ணனும் ஓடி வந்தான்.

"கரண்ட் போயிருக்கு. ரெண்டு மணி நேரம். திரும்பக் குளிர இன்னும் ரெண்டு மணி நேரம். உள்ள இருந்ததுக்குக் குளிரே விட்டுப்போயிருக்கும்."

"இப்ப மைனஸ் பத்து காட்டுதே" என்றான் அண்ணன்.

"இப்ப காட்டுது. டெஸ்ட்டுக்கு முந்தின நாலு மணி நேரமும் தொடர்ந்து இருந்திருக்கணும். அதான் விதி."

அண்ணன் தாளை உற்றுப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். "நொட்டை, நான் சொல்றதைக் கேளு. இந்தத் தாளைக் கழட்டிடு. புதுத் தாள் மாட்ட மறந்துட்டோம்னு சொல்லுவோம். அந்தம்மா முள்ளைப் பாப்பாங்க, சீலைப் பாப்பாங்க, முடிஞ்சுது."

"குளிர்லதான்ணா ஹெல்மெட் ஓடு உடையும். பிளாஸ்டிக் விறைச்சுப் போகும். விடியக்காலைல பேப்பர் போடப் போறவர் இதைத்தான் மாட்டிக்கிட்டுப் போவார். முழுசாக் குளிராததைப் போட்டுப் பாத்துட்டு பாஸ்னு எழுதினா, அது யாரை ஏமாத்துறது?"

"இன்னிக்கு விட்டா அடுத்த விசிட் எப்பன்னு தெரியுமா? அடுத்த மாசம் கடைசி. அதுவரைக்கும் நாற்பது பேர் என்ன பண்ணுவாங்க, உன் விதியை நக்குவாங்களா?"

அண்ணி குறுக்கே வந்தாள். "ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ என்ன பண்ணப் போறே?"

"வந்ததும் நானே சொல்லிடுவேன் அண்ணி."

கீழே அச்சு இயந்திரம் ஓடு ஒன்றைத் துப்பும் சத்தம் கேட்டது. "சொல்லிடு" என்றாள் அண்ணி. "ஆனா சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்காதே. வேற வழி என்னன்னு அவங்களையே கேளு."

அதிகாரி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். நடுத்தர வயது, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. டீ வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். குடிக்கும் தண்ணீரைக்கூடத் தன் வீட்டிலிருந்து பச்சை மூடி போட்ட பாட்டிலில் கொண்டு வந்திருந்தார். அவர் பையைக் கீழே வைப்பதற்குள் நொட்டை வட்டத் தாளைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"நாலு மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல மேடம். குளிர் விட்டுப்போச்சு. இந்த ஹெல்மெட் செல்லாது."

அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனாவால் அந்தக் கூனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கையெழுத்திட்டார். அண்ணனின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"நானே கேட்டிருப்பேன்" என்றார் அதிகாரி. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

"வேற ஹெல்மெட் எடுத்து மறுபடி குளிர வைக்கலாமா மேடம்?"

"வைக்கலாம். ஆனா இந்த ஃப்ரீசரை இனி நம்ப மாட்டேன். மறுபடி கரண்ட் போனா? ஆறு மணிக்குள்ள அறிக்கை போயாகணும். கரண்ட் போனாலும் நிக்காத ஃப்ரீசர் பக்கத்துல எங்கயாவது இருந்தா, என் கண் முன்னாடியே வைங்க. நாலு மணி நேரம். எனக்கு ஆட்சேபணை இல்ல."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்கள்.

எதிரே ஐஸ்கிரீம் கோடவுன். வாசலிலேயே ஆள் உயர ஜெனரேட்டர். அதன் சொந்தக்காரருக்கும் அண்ணனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. சரக்கு வண்டியை யார் வாசலில் யார் நிறுத்துவது என்பதில் வந்த தகராறு.

"அவன்கிட்டயா?" என்றான் அண்ணன்.

அண்ணி அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டிருந்தாள்.

ஐஸ்கிரீம்காரர் ஷட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணி மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவார். இப்ப அவர் தலையை என் ஃப்ரீசர்ல வைக்கணுமா?"

"தலை இல்லண்ணே. ஹெல்மெட்."

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள காலி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. ஐஸ்கிரீம்காரர் எண்ணுவதை நிறுத்தினார்.

"அழாதேம்மா. எத்தனை டிகிரி?"

"மைனஸ் பத்து. ரெண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். அதுக்கு மேல ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது."

"என்னோடது எல்லாம் மைனஸ் பதினெட்டுல ஓடுது. ஒரு பெட்டியைக் காலி பண்ணித் திருகித்தான் வைக்கணும். அதுல இருக்கிற கப் ஐஸ்கிரீமைப் பெரிய ரூமுக்கு மாத்தணும். என்கிட்ட ரெண்டு ஆள்தான் இருக்கு."

"என்கிட்ட நாற்பது பேர் இருக்காங்க" என்றாள் அண்ணி.

தெரு அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. பெயின்டரும், தையல் பெண்களும், அச்சு ஓட்டுகிறவரும் வரிசையாக நின்று, கப் ஐஸ்கிரீம் பெட்டிகளைக் கைக்குக் கை மாற்றினார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஃப்ரீசர் காலி. முள் மெல்ல மெல்ல ஏறி மைனஸ் பத்தில் நின்றது. அதிகாரி புதிய ஹெல்மெட் ஒன்றை உருவி, தன் தெர்மாமீட்டரோடு உள்ளே வைத்து, அரக்கு உருக்கிச் சீல் வைத்தபோது மணி பதினொன்று ஐந்து.

"மூணு அஞ்சுக்குத் திறக்கலாம்" என்றார். "ஆனா ஒண்ணு. ஃப்ரீசரைத் திறந்ததுலேர்ந்து மூணு நிமிஷத்துக்குள்ள அது மாடியில இருக்கிற இரும்புப் பட்டடை மேல விழுந்தாகணும். மூணு நிமிஷம் ஒரு செகண்ட் ஆனாலும் மறுபடி நாலு மணி நேரம்."

அந்த நாலு மணி நேரத்தில் மற்ற இரண்டும் முடிந்தன. ஹெல்மெட்டை இரும்புத் தலைக்கு மாட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றி, தண்டவாளம் போன்ற கம்பிகள் வழியே கீழே இருக்கும் இரும்புப் பட்டடை மீது விடவேண்டும். உள்ளிருக்கும் தலைக்கு எவ்வளவு அதிர்ச்சி போனது என்று எண் வரும். முந்நூறைத் தாண்டினால் தோல்வி. சூட்டில் கிடந்தது இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. தண்ணீரில் ஊறியது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒவ்வொரு முறை தடால் என்று விழும்போதும் கீழே தையல் இயந்திரங்கள் நின்று, எண் தெரிந்ததும் மறுபடி ஓடின.

மீதி நேரம் முழுக்க ஒத்திகை.

யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற பேச்சு வந்தபோது, எல்லோருடைய கண்ணும் அச்சுக்காரர் மீது போனது. அவர் ஒல்லியானவர், கால் நீளம். ஆனால் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான் ஓடுறேன்."

"உனக்குத் தொந்தி இருக்குண்ணா" என்றாள் நொட்டை.

"தொந்தியா ஓடப் போகுது? கால்தானே."

முதல் ஒத்திகை: இரண்டு நிமிடம் ஐம்பது. அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி வழியில் இருந்த சாக்குகளை அப்புறப்படுத்தச் சொன்னாள். இரண்டாவது: இரண்டு பத்து. படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த அலமாரியை நாலு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். மூன்றாவது: ஒன்று நாற்பத்தைந்து. ஐஸ்கிரீம்காரர் தன் வாசலிலிருந்து கை தட்டினார். அண்ணன் அவரைப் பார்த்து, பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பப் போய், பாதியில் நிறுத்தி, தலையை ஆட்டினான்.

மூன்று மணிக்குத் தெருவின் இரண்டு முனையிலும் ஆள் நின்றாயிற்று. நொட்டை மாடியில் இயந்திரத்தைத் தயாராக்கி, இரும்புத் தலையைத் துடைத்து வைத்தாள். அண்ணி படிக்கட்டின் அடியில் நின்றாள். கையில் கடிகாரம்.

மூன்று ஐந்து. அதிகாரி சீலை உடைத்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். மைனஸ் பத்து புள்ளி நாலு. எழுதினார். மூடியைத் திறந்து, "ஸ்டார்ட்" என்றார்.

அண்ணன் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஷட்டரைத் தாண்டினான். தாண்டிய இடத்திலேயே நின்றான்.

பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி. தெருவின் ஒரு முனையில் காவல் நின்ற பெயின்டர் அதன் பின்னாலேயே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு ஆட்டோ. லாரி நகர வழியில்லை. லாரிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். அண்ணன் போக முடியாது.

"பின்னாடி எடுய்யா" என்று கத்தினார் ஐஸ்கிரீம்காரர். "பின்னாடி ஆட்டோ இருக்கு சார்" என்றார் டிரைவர்.

முப்பத்தைந்து செகண்ட்.

அண்ணன் லாரியின் இடது கதவைத் திறந்தான். ஒரு காலைப் படியில் வைத்தான். ஐஸ்கிரீம்காரர் பின்னாலிருந்து, இரண்டு வருஷக் கோபத்தையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினார். அண்ணன் சீட்டில் விழுந்து, கியர் தண்டைத் தாண்டி, டிரைவர் மடிமேல் ஏறி, வலது கதவு வழியாகப் பட்டறை முற்றத்தில் குதித்தான். ஹெல்மெட்டை விடவில்லை.

"என்னங்க இது" என்று டிரைவர் கேட்டு முடிப்பதற்குள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியும் அதே வழியாக ஏறி வந்தார். "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவரும் குதித்தார். சீலை உடைத்த பிறகு ஹெல்மெட்டைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்பது அவருடைய விதி.

"ஒண்ணு நாற்பது" என்றாள் அண்ணி. "ஒண்ணு ஐம்பது. ஏறுங்க, ஏறுங்க, பேசாதீங்க."

"நான் எங்க பேசினேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஏறினான்.

நொட்டை அவன் கையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கினாள். குளிர் விரலைச் சுட்டது. இரும்புத் தலையில் மாட்டினாள். தாடைப்பட்டியை இழுத்துக் கொக்கியில் கோத்தாள். கொக்கி ஒரு தரம் வழுக்கியது. மறுபடி கோத்தாள். ஏற்றினாள்.

அதிகாரி வாசற்படியில் மூச்சு வாங்க நின்று தன் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு முப்பது."

விசையைத் தட்டினாள்.

தடால்.

ஓடு உடையவில்லை. நொட்டை கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். எண்ணை அண்ணன்தான் வாய்விட்டுப் படித்தான்.

"இருநூற்று நாற்பத்தாறு."

கீழே யாரோ அதைக் கேட்டு இன்னொருவருக்குச் சொல்ல, அவர் தெருவுக்குச் சொல்ல, தண்ணீர் லாரி டிரைவர் என்ன ஏது என்று தெரியாமலே ஹாரன் அடித்தார். தையல் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அண்ணி படியில் உட்கார்ந்து கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டி இழுவைச் சோதனையும் தேறியது. நாலேகாலுக்கு அதிகாரி தன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, மாடியில் மூன்று பேர் முன்னாலும் மேஜையில் இரண்டு தாள்களை வைத்தார்.

"முதல் தாள்ல, தரத்துக்குப் பொறுப்பாளர் யாருன்னு முதலாளி எழுதணும். அவங்க வேண்டாம்னா, முதலாளியே நினைச்சாலும் ஒரு ஹெல்மெட் வெளிய போகக் கூடாது. ரெண்டாவதுல அந்தப் பொறுப்பாளர் உறுதிமொழி கொடுக்கணும். படிச்சுக் கையெழுத்துப் போட்டு வண்டிக்குக் கொண்டு வாங்க." பச்சை மூடிப் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணன் பேனாவை எடுத்தான். யோசிக்கவே இல்லை. தங்கையின் பெயரை, பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் முழுப் பெயரை, எழுத்து எழுத்தாக எழுதினான்.

"நொட்டைன்னு எழுதிருவியோன்னு பாத்தேன்" என்றாள் அவள்.

"காலைல உன் பேச்சைக் கேக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் பேனாவை அவளிடம் நீட்டினான்.

அவள் இரண்டாவது தாளைப் படித்தாள். ஒவ்வொரு வரியாகத்தான் படிப்பாள். அது அவள் வழக்கம். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இன்றைய தேதிவரை முத்திரை பொறித்த எந்தப் பொருளும் இந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்பப்படவில்லை." சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அனுப்ப முத்திரையே இல்லையே நம்மகிட்ட. இல்லண்ணா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அண்ணா?"

"நேத்து சாயங்காலம்" என்றான். "நானூறு அனுப்பிட்டேன். கிடைச்சிரும்னு நினைச்சு முன்னாடியே முத்திரை ஸ்டிக்கர் அடிச்சு வெச்சிருந்தேன். இந்த வாரம் சரக்கு வரலைன்னா அலமாரி இடத்தை வேற கம்பெனிக்குக் கொடுத்துருவோம்னு கடைக்காரங்க எல்லாரும் நெருக்கினாங்க."

அண்ணி எழுந்து நின்றாள். "எந்த நானூறுங்க? புதுசு எல்லாம் என் கணக்குல இருக்கே."

அவன் தரையைப் பார்த்தான்.

"பழைய பட்டியா" என்றாள் அண்ணி மெதுவாக. "உடைச்சுப் போடணும்னு ஒதுக்கி வெச்சோமே, அதையா?"

கீழே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம்காரர் எல்லோருக்கும் கப் ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் வண்டி வாசலில் நின்றது. அதன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நொட்டை பேனாவைக் கீழே வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. "சரக்கு லாரி இப்ப எங்க?"

"முதல் கடை மதியமே இறக்கியிருப்பான். மீதி நாளைக்குக் காலைல."

"டிரைவருக்குப் போன் போடு. எங்க இருக்கானோ அங்கயே நிக்கச் சொல்லு. ஒண்ணு கூட இறக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு."

அண்ணன் போன் போட்டான். நிற்கச் சொன்னான். எத்தனை இறக்கினாய் என்று கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு, "அறுபது" என்றான்.

அறுபது பேர். அதில் எத்தனை இதற்குள் விற்றிருக்கும், யார் யார் தலையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

வாசலில் ஹாரன் ஒரு முறை ஒலித்தது. அதிகாரிக்கு நேரமாகிவிட்டது.

நொட்டை தாளை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அண்ணன் எடுத்துவிட்டான். கையெழுத்தில்லாத உறுதிமொழி.

"நீ இரு" என்றான். "இது நான் சொல்ல வேண்டியது."

"முத்திரை லைசென்ஸ் போயிரும்ங்க" என்றாள் அண்ணி. தடுக்கிற குரலில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கிற குரல்.

"போனாலும் போகலாம்" என்றான் அவன்.

படியில் இறங்கினான். கீழே வழிவிட்டவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். ஐஸ்கிரீம்காரர் நீட்டிய கப்பை வாங்கவில்லை. மதியம் ஓடிய அதே முற்றத்தை இப்போது ஒவ்வொரு அடியாக நடந்து கடந்தான். மாடி ஜன்னலில் அண்ணியும் நாத்தனாரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

வண்டியின் கண்ணாடி இறங்கியது. அதிகாரி தாளுக்காகக் கையை நீட்டினார்.

"மேடம்" என்றான் அண்ணன், "வண்டியைக் கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொல்லுங்க. நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்."